பெரிய வீட்டுச் சோறு தின்ற எம்.எல்.ஏ.

போன வாரம் அரியலூரில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் ஒரு முன்னாள் எம்.எல்.ஏ. உட்கார்ந்திருந்தார். காலர் நைந்த சட்டை. இலையை விட்டுத் தலை நிமிரவில்லை. அவ்வளவு சந்தோஷமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பக்கத்து இலைக்காரர் என் முழங்கையை இடித்தார். "ஆளு யாருன்னு தெரியுதா சார்? ஒருவேளை சோத்துக்கு சொந்த சனத்தையே வித்தவரு. இங்கயும் பாருங்க, என்னமா திங்கிறாருன்னு!"

கல்யாண வீடாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டேன். இங்கே எழுதும்போது எதற்கு மூட வேண்டும்? அந்தச் சோற்றின் கதை எனக்குத் தெரியும். நான் அந்த வீட்டு வாசலில் நின்றவன்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னால், எழுபதுகளின் கடைசி. பெரம்பலூரில் நான் சைக்கிள் கடை வைத்திருந்தேன். எங்கள் பக்கம் அப்போது தனித் தொகுதி. கட்சிக்காக ஜீப்பில் மைக் பிடித்துக் கத்திக் கத்தித் தொண்டையைக் கெடுத்துக்கொண்ட ஒருவருக்கு, யாரும் எதிர்பார்க்காமல் சீட் கொடுத்தார்கள். ஜெயித்தும் விட்டார். சட்டசபையில் அவர் பேசினால் பக்கத்து நாற்காலிக்கே கேட்காதாம். "எல்லாச் சத்தத்தையும் ஓட்டு கேக்குறப்பவே செலவு பண்ணிட்டேண்ணே" என்பார், என் கடை ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு.

பேர் வேண்டாம். எழுதினால் கூச்சப்படுவார்.

அவருடைய சொந்த ஊருக்கு ஒரு குடிதண்ணீர் டேங்க் வந்தது. ஒரே டேங்க். எங்கே கட்டுவது? ஊருக்குள்ளா, காலனியிலா? காலனி என்றால் அவர் பிறந்த தெரு. அங்கே உள்ளவர்கள் ஊர்க் கிணற்றில் வாளி போட முடியாது. குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். யாராவது மனசு வைத்து இறைத்து ஊற்றினால் உண்டு. டேங்க்கும் ஊருக்குள் போனால் குழாயடியிலும் இதே கதைதான் - இதைப் புரிந்துகொள்ள ஒரு இன்ஜினீயர் வேண்டுமா?

இன்ஜினீயரும் வந்தார். டேங்க் பக்கத்திலேயே போர் போட்டுத் தண்ணீர் ஏற்ற வேண்டும், காலனிப் பக்கம் தண்ணீர் நல்ல தண்ணீர் என்றார். யூனியன் ஆபீஸ்காரர்கள் வந்தார்கள். எம்.எல்.ஏ. ஜீப்பில் வந்தார். நானும் தொற்றிக்கொண்டேன்.

ஊரில் பெரிய வீட்டுக்காரர் என்று ஒருவர். எம்.எல்.ஏ.வின் அப்பா காலமெல்லாம் அவர் நிலத்தில் வேலை பார்த்துச் செத்தவர். பெரிய வீட்டுக்காரர்தான் முன்னால் வந்து பேசினார்.

"எங்க ஊருத் தண்ணிக்கு என்ன கொறச்சல்? எளநி மாதிரி இருக்கும். காலனித் தண்ணியக் குழாயில வுட்டா நாங்க குடிக்கவா முடியும்? டேங்க் ஊருக்குள்ளதான்." பிறகு குரலைக் குழைத்தார். "வெயில் ஏறிப்போச்சு. எம்.எல்.ஏ. நம்ம வூட்டுல ஒரு வாய் சாப்புட்டுத்தான் போவணும்."

அந்த வாசற்படியை எம்.எல்.ஏ. தெருவில் ஒருவரும் அதுவரை மிதித்ததில்லை. இப்போது எதற்குக் கூப்பிடுகிறார்? இது விருந்தா, விலையா?

எம்.எல்.ஏ. செருப்பைக் கழற்றினார். உள்ளே போய்விட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில், "நீங்களும் வாங்க" என்ற ஆளிடம் முடியாது என்று சொல்லிவிட்டு வாசலிலேயே நின்றேன். ரோட்டோரம் காலனிப் பெண்கள் காலிக் குடத்தோடு நின்றார்கள். அதில் ஒரு அம்மா என்னைப் பிடித்துக்கொண்டது.

"என்னங்க, ஒங்க ஆளு உள்ள பூந்துட்டாரு? அவரு வயிறு ரொம்பிடும். எங்க கொடம்?"

எனக்கே அவரை நாலு அறை விடலாம் போல இருந்தது.

உள்ளேயிருந்து, "இன்னும் கொஞ்சம் போடு", "எம்.எல்.ஏ.வுக்குப் பாயசம்" என்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. பாவி மனுஷன், மறுபாயசம் வேறு வாங்கினார்!

ஒருவழியாக எல்லோரும் கை கழுவ வாசலுக்கு வந்தார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கை கழுவும்போது வீட்டுக்காரர் சொம்போடு வந்து நின்று சாப்பாடு எப்படி என்று கேட்பார். வந்தவர் புகழ வேண்டும். வீட்டுக்காரர் ஏதாவது குறை சொல்லித் தன்னைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். எத்தனை பெரிய வீடானாலும் இதில் தவற மாட்டார்கள்.

"என்னங்க எம்.எல்.ஏ., நம்ம வூட்டுச் சாப்பாடு எப்புடி?"

"பிரமாதங்கய்யா. இப்புடி ஒரு சாப்பாடு நான் சாப்புட்டதே இல்ல. சாதம் மட்டும் கொஞ்சம் வெரப்பா இருந்துச்சு."

"அத ஏன் கேக்குறீங்க? எங்க ஊருத் தண்ணி சுத்த உப்பு. பருப்பும் வேவாது, அரிசியும் வேவாது..."

சொன்ன வாய் அப்படியே நின்றது. எம்.எல்.ஏ. துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே இன்ஜினீயர் பக்கம் திரும்பினார்.

"கேட்டுக்கிட்டீங்களா சார்? ஐயாவே சொல்லிட்டாரு. காலனிப் பக்கம் தண்ணி நல்ல தண்ணின்னு நீங்களும் சொன்னீங்க. அங்கயே கட்டிருங்க. ஐயா வூட்டுக்கும் சேத்துக் குழாய் போடுங்க. சாதம் நல்லா வேவட்டும்."

ரோட்டோரத்தில் சிரிப்பு வெடித்தது.

திரும்பும்போது ஜீப்பில் கேட்டேன். "ஏய்யா, திட்டம் போட்டுத்தான் உள்ள போனியா? என்கிட்ட சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"திட்டமெல்லாம் இல்லண்ணே. எங்கப்பா அந்த வூட்டுக் கொல்லையத்தான் பாத்தாரு. உள்ள எப்புடி இருக்கும்னு பாக்க ஆசையா இருந்துச்சு, போயிட்டேன். சோறு வெரப்பா இருந்தப்பதான் தண்ணி நெனப்பே வந்துச்சு."

இந்த ஆளை என்ன செய்வது? திட்டவா, கட்டிப் பிடிக்கவா?

டேங்க் எழும்பியது. அவர் பதவி விழுந்தது. சட்டசபையைப் பாதியில் கலைத்தார்கள். மறுபடி தேர்தல் வந்தபோது பெரிய வீட்டுக்காரர் கட்சியில் யார் யாரையோ பார்த்தார். சீட் வேறொருவருக்குப் போனது. அதோடு விட்டார்களா? 'பெரிய வீட்டில் தின்றுவிட்டுச் சனத்தை விற்றவன்' என்று மற்ற ஊர்களில் எல்லாம் கிளப்பிவிட்டார்கள். எல்லோரும் நம்பினார்கள். கல்யாணப் பந்தி வரைக்கும் வந்துவிட்டது.

பெரிய வீட்டுக்காரர் காலனித் தண்ணீர் வேண்டாமென்று கொஞ்ச நாள் மாட்டு வண்டியில் பீப்பாய் வைத்து வெளியூர்த் தண்ணீர் கொண்டுவந்தார். ஒரு கோடை தாங்கினார். அடுத்த கோடையில் அவர் வீட்டுக்கும் குழாய் போனது.

டேங்க்கில் தண்ணீர் திறந்துவிடுகிறவர் காலனிக்காரர். நாற்பது வயது ஆள். அவர் பிறந்ததிலிருந்து பெரிய வீட்டுக்காரர் அவரை "டேய்" என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். சமீபத்தில் அந்த ஊர்ப் பக்கம் போனபோது, பெரிய வீட்டுக்காரர் வாசலில் நின்று அவரைக் கேட்பதை என் காதால் கேட்டேன்.

"தம்பி, இன்னிக்கு எப்பத் தொறப்பீங்க?"

கல்யாண வீட்டில் பந்தி முடிந்ததும் எம்.எல்.ஏ.வை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் இதைச் சொன்னேன். நடந்துகொண்டிருந்தவர் நின்றுவிட்டார்.

"தம்பின்னா சொன்னாரு?"

"ஆமாய்யா."

"தொறப்பீங்கன்னா?"

"ஆமாங்கிறேன்ல?"

"இன்னொரு வாட்டி சொல்லுங்கண்ணே..."

அந்தச் சிரிப்பை, மந்திரியாகப் பதவி ஏற்றவன் மூஞ்சியில்கூட நான் பார்த்ததில்லை.