சிவப்பு விளக்கின் மேல் ஒரு டேப்

அக்கா, தம்பி இருவர் மட்டுமே நடத்தும் வீடியோ கம்பெனி. கேமரா அக்காவின் கையில், எடிட்டிங் தம்பியிடம்.

விளம்பரப் படத்தில் பேசவரும் முதலாளிகள் கேமராவைக் கண்டதும் ஒட்டடைக்குச்சியாக விறைத்துப்போவார்கள். "சும்மா ஒத்திகைதான் சார், பேசுங்க" என்பாள் அக்கா. பதிவாவதைக் காட்டிக்கொடுக்கும் சிவப்பு விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருப்பாள். அவர்கள் மனம்விட்டுப் பேசி முடித்து, "இப்ப எடுக்கலாமா?" என்று கேட்கும்போது வயரைச் சுருட்டிக்கொண்டிருப்பாள்.

சொந்தக் கம்பெனிக்கு விளம்பரம் எடுக்க, தம்பி அவளையே கேமரா முன் உட்காரவைத்தான். அக்காவும் விறைத்துப்போனாள்.

"ஒத்திகைதான்க்கா, பேசு."

"யாருக்குடா காது குத்தற? அந்த டேப்பை ஒட்டினவளே நான்! வாயே திறக்காத ஆளுங்களக்கூட மணிக்கணக்கா பேச வச்சவடா நான்!"

தம்பி வயரைச் சுருட்டத் தொடங்கினான்.