வெள்ளரி இலைக்குள் கண்ணாடி

எந்த வீட்டில் ஜன்னல் உடைந்தாலும் கூப்பிடுகிற ஆள் அவர்தான். கை முழுக்க வெட்டுக்காயம் என்பதால் ‘கீறல்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்; அவரும் அதற்கே திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டார். கண்ணாடியைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று மனுஷனுக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்புதான் ஆளை மண்ணைக் கவ்வ வைத்தது.

மனைவிக்குப் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. தையலை விட்டாள், வாசிப்பை விட்டாள். மிஞ்சியது, பழைய ஜன்னல் கண்ணாடிகளால் மொட்டைமாடியில் அவர் கட்டிக்கொடுத்த கூண்டும், அதற்குள் மண்ணில்லாமல் தொட்டித் தண்ணீரிலேயே வளரும் வெள்ளரிக் கொடிகளும்தான். இலையைத் தடவிப் பார்த்தே எதற்குத் தாகம், எதற்கு நோவு என்று சொல்லிவிடுவாள். ஆனால் ஒவ்வொரு முறையும் மாவு தூவியதுபோல் சாம்பல் நோய் வந்து கொடியைச் சாய்த்துவிடும். இந்தத் தடவையும் ஆரம்பித்தபோது அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

“இதுவும் போச்சுன்னா கூண்டைப் பிரிச்சிடுங்க. செத்த இலையாத் தடவித் தடவி எடுக்க எனக்குத் தெம்பில்ல.”

கூண்டும் போய்விட்டால் அவள் எதற்காக அறையை விட்டு வெளியே வருவாள்?

கீறல் உரக்கடைக்கு ஓடினார். “சிலிக்கான் குடுத்துப் பாருங்கண்ணே. வந்த நோவை இது விரட்டாது, ஆனா புது இலை தெம்பா வரும், நோய் சுலபமா நுழையாது” என்றாள் கடைக்காரி.

“அது என்ன சரக்கு?”

“உங்க சரக்குதான். கண்ணாடில இருக்கிறதுதான்.”

அவ்வளவுதான், மீதியைக் கேட்க அவர் அங்கே நிற்கவேண்டுமே! பட்டறைக்குப் போய், மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, உடைந்த சில்லுகளை மாவாக அரைத்துத் தொட்டித் தண்ணீரில் கலக்கினார். மாவு அப்படியே அடியில் போய் உட்கார்ந்தது. கொடிக்குத் துளிகூடப் போய்ச் சேரவில்லை. அசடு வழிய மறுபடி கடைக்கு வந்தார்.

“நல்லா இருக்கே கூத்து! கரைஞ்சிருந்தாத்தானே வேர் குடிக்கும்?” என்று சிரித்தவள், மூன்றை எடுத்து வைத்தாள். ஒன்று பாறைப்பொடி, மெல்லக் கரையும், இப்போதைய அவசரத்துக்கு ஆகாது. இன்னொன்று சிலிசிக் அமிலம்; செடி சட்டென்று எடுத்துக்கொள்ளும், ஆனால் திறந்த புட்டி அதிக நாள் தாங்காது. மூன்றாவது பொட்டாசியம் சிலிக்கேட், தெளிவான கெட்டித் திரவம்.

மூன்றாவதில் ஒரு சொட்டைத் தகர மூடியில் தடவிக் காட்டினாள். பேசிக்கொண்டிருக்கும்போதே அது காய்ந்து பளபளத்தது. கீறல் குச்சியால் சுரண்டிப் பார்த்தார். கண்ணாடி! அடுப்பும் இல்லை, உலையும் இல்லை, சாதாரணமாக ஊற்றுகிற கண்ணாடி!

“இதையே குடும்மா.”

“சுண்ணாம்பு மாதிரிக் கார மருந்து, கையில படாமப் பாத்துக்குங்க. வெறும் தண்ணியில முதல்ல இதை ஊத்திக் கலக்கணும். எலுமிச்சை உப்பு போட்டுக் காரத்தை இறக்கிட்டு அப்புறம்தான் மத்த உரம். வரிசையை மாத்தினீங்கன்னா தயிராத் திரிஞ்சிடும்.”

இந்தத் தடவை கடைசி வார்த்தைவரை நின்று கேட்டார். நோய் கண்ட இலைகளைக் கிள்ளிப்போட்டு, சொன்ன வரிசை பிசகாமல் ஊற்றிவந்தார்.

ஒரு நாள் காலை மாடியிலிருந்து அவள் குரல் கேட்டது. “ஏங்க! சீக்கிரம் வாங்க!”

போச்சு, எல்லாம் போச்சு என்று படியேறினார். புது இலையொன்று அவள் உள்ளங்கையில் விரிந்திருந்தது.

“என்னங்க இது, சொரசொரன்னு விறைப்பா நிக்குது! சாம்பல் மாவு ஒட்டல பாருங்க.”

அவர் குனிந்து, ஜன்னல் கண்ணாடியில் கீறல் தேடுகிற பூதக்கண்ணாடியை இலைமேல் வைத்தார். பொடிப்பொடி முடிகள் வெயிலில் மின்னின. ஆயுசு முழுக்கக் கண்ணாடி என்றால் நெருப்பில் பிறப்பது என்றே நம்பியவர் அவர். இந்தப் பச்சைக் கொடி, சத்தமே இல்லாமல், வெறும் தண்ணீரிலிருந்து அதை உறிஞ்சி இலைக்குள் வைத்துக்கொண்டிருக்கிறதே! கண் கலங்கிவிட்டது.

“என்ன, பேச்சைக் காணோம்? நோவா?”

“இல்லடி. கண்ணாடிடி. செடியே கட்டியிருக்கு.”

அவள் அடுத்த இலைக்குக் கையை நீட்டினாள், அதற்கடுத்ததுக்கும். கூண்டின் சுவரில் விரல் இடித்தபோதுதான் நின்றாள்.

“இடம் பத்தலங்க. இன்னும் ஜன்னல் கிடைச்சாக் கொண்டாங்க.”