நூற்று ஐம்பத்து மூன்றுக்குப் போகாத சீட்டு

அமலி டீச்சர் கவலைப்படக் காரணம் தேடுபவள் அல்ல. காரணம் இல்லாத நாளில் ஏன் இல்லை என்று கவலைப்படுவாள். ஆரணியில் ஒரு பள்ளியில் கணக்கு எடுக்கிறாள். பயம் வந்தால் அவள் தேடுவது மாத்திரையை அல்ல, ஏதாவது ஓர் எண்ணை.

மூன்றால் வகுபடும் எண் எதையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் இலக்கத்துக்கும் கனம் கண்டு, அதாவது இரண்டு என்றால் 2×2×2 எட்டு, எல்லாவற்றையும் கூட்டுங்கள். வந்த விடையையும் அப்படியே செய்துகொண்டே போனால், எங்கே சுற்றினாலும் கடைசியில் 153-இல் வந்து நிற்கும். 1, 125, 27 மூன்றையும் கூட்டினால் மறுபடி 153 என்பதால் அதற்குமேல் நகராது. உயிர்த்த ஆண்டவர் சொல்லிச் சீடர்கள் வீசிய வலையில் சிக்கிய மீன்களும் அத்தனைதான் என்று சர்ச்சுப் பூசையில் கேட்டதிலிருந்து, பஸ் டிக்கெட்டைக்கூட அவள் சும்மா விடுவதில்லை. பட்டுத் தறி நெய்யும் கணவர் சார்லி, "இன்னா அமலி, மீனு சிக்கிச்சா?" என்று சிரிப்பார்.

அந்தச் சார்லியின் கழுத்தில்தான் கட்டி. சதையெடுத்துச் சோதனைக்கு அனுப்பி, அன்று முடிவு சொல்லும் நாள். சார்லி உட்கார முடியாமல் ஆஸ்பத்திரி வாசலில் நின்றார். அமலி கையில் 47-ஆம் எண் சீட்டு.

64-உம் 343-உம் 407. அதை மறுபடி செய்தாலும் 407. ஆணி அடித்தாற்போல் அங்கேயே நின்றது. மூன்றால் வகுபடாத எண் 153-க்குப் போகவே போகாது என்று கரும்பலகையில் நிறுவிக் காட்டுபவளே அவள்தான். தெரிந்து என்ன செய்ய, பயம் கணக்குப் படிக்கவில்லையே.

பக்கத்தில் போளூர் பாஞ்சாலை, தன் சோதனை முடிவுக்காக வந்தவள். அவள் கையில் 48. அமலி மனசுக்குள் போட்டுப் பார்த்தாள்: 576, 684, 792, 1080, 513, அப்புறம் 153.

"நீங்க முன்னாடி போங்கக்கா. பஸ்ஸுக்கு நேரமாவுது இல்ல?" என்று சீட்டை மாற்றிக்கொண்டாள்.

பாஞ்சாலை வாயார வாழ்த்திவிட்டு உள்ளே போனாள். கதவு சாத்தியதும் அமலிக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆகாது என்று தான் பயந்ததை, உதவி என்ற பேரில் இன்னொருத்தி தலையில் கட்டிவிட்டாளே! சார்லிக்காகச் சொல்லிக்கொண்டிருந்த ஜெபத்தை நிறுத்தி, பாஞ்சாலைக்காகச் சொன்னாள்.

பாஞ்சாலை சிரித்துக்கொண்டே வந்தாள். "ஒண்ணும் இல்லன்னுட்டாரும்மா. உன் சீட்டு ராசியான சீட்டு."

அமலிக்கு மூச்சு வந்தது. அதற்குள் நாற்பத்தெட்டைக் கூப்பிட்டார்கள். சார்லியும் அவளும் உள்ளே போனார்கள். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. பயந்த வியாதிதான் என்றார். ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது, நாளைக்கே வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று கடிதம் கொடுத்தார்.

வெளியே வந்த சார்லி அந்தக் கடிதத்தை விரித்தபடி நின்றார். மேலே அச்சடித்திருந்த எண்ணின் மேல் அவருடைய கட்டைவிரல் இருந்தது.

"அமலி, இது மூணால வகுபடுதா பாரேன்."

அவர் சிரிக்கவில்லை. அமலி பார்த்தாள். 1064. இலக்கங்களைக் கூட்டினால் பதினொன்று. தப்பான விடைக்கு ஒருநாளும் அரை மார்க்குக்கூடப் போடாதவள் அவள்.

"வகுபடுதுங்க," என்றாள்.