மூன்று சிலிண்டரில் ஓட்டமாவடி வரை

பனிச்சங்கேணிப் பாலத்துக்கு இன்னும் கொஞ்சத் தூரம் இருக்கும்போது கார் உதறத் தொடங்கியது. அக்சிலேட்டரை மிதித்தால் விக்கியது, பிறகு இழுத்தது, மறுபடி விக்கியது.

பக்கத்து இருக்கையில் என் கணவர். கதிரவெளியிலிருந்து மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு, அவருக்கு இரத்தம் சுத்திகரிக்கப் போய்க்கொண்டிருந்தோம். போன முறை றோட்டில் வெள்ளம் ஏறி நின்றதால் போக முடியவில்லை. அவருடைய முகமும் கால்களும் ஊதியிருந்தன. இரண்டு வசனம் பேசினாலே மூச்சு வாங்கியது.

எஞ்சின் லைட் இருக்கும் இடத்தில் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. எங்களுடைய பழைய ஜப்பான் காரில் அந்த லைட் எதற்கென்றாலும் எரியும். கட்டார் நாட்டில் பல வருடம் லொறி ஓட்டியவர் அவர். ஒருநாள் எரிச்சலில் அவரே ஒட்டிவிட்டார். அவருக்கு ஏலாமல் போனபிறகு நான்தான் ஓட்டுகிறேன். லைட் நின்று எரிந்தால் மெல்லப் போகலாம், விட்டுவிட்டு மின்னினால் நிறுத்திவிட வேண்டும் என்று அவர் சொல்லித் தந்திருந்தார். நகத்தால் டேப்பை உரித்தேன்.

மின்னிக்கொண்டிருந்தது.

ஓரங்கட்டினேன். இரண்டு பக்கமும் பற்றைக்காடு. யானை கடக்கிற இடம். பஸ் எப்போது வருமென்று சொல்ல முடியாது.

"திருப்பு. வீட்ட போவம்," என்றார்.

"இஞ்சேருங்க, முதல்ல என்னெண்டு பாப்பம்."

"காருக்காகச் சொல்லல்ல. எனக்குக் காணும். இனி இந்த மிசின் வேணாம்."

அப்படி ஒரு சொல் அதுவரை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. குனிந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே, எஞ்சின் பிழையைக் காட்டுகிற ஸ்கேனரைச் செருகினேன். நெருப்புப் பெட்டியளவு சாமான். போனோடு சேர்ந்து வேலை செய்யும். P0302 என்று வந்தது. கடைசி இலக்கம்தான் இடத்தைச் சொல்வது: இரண்டாவது சிலிண்டரில் பெற்றோல் எரியவில்லை. ஏன் எரியவில்லை என்று கோட் சொல்லாது. பிளக் போயிருக்கலாம், அதற்குக் கரண்ட் கொடுக்கிற கொயில் போயிருக்கலாம், பெற்றோலைப் பீச்சுகிற இன்ஜெக்டராகவும் இருக்கலாம்.

கண்டுபிடிக்க அவர் முன்பு காட்டித் தந்த ஒரு வழி இருந்தது. இரண்டாவது கொயிலையும் மூன்றாவது கொயிலையும் இடம் மாற்றிப் போட்டால், பிழை கொயிலோடு சேர்ந்து நகருகிறதா என்று பார்க்கலாம். பொனட்டைத் திறந்தேன். சூடு முகத்தில் அடித்தது. ஸ்பனர் வழுக்கி, புறங்கை எஞ்சினில் பட்டுத் தோல் உரிந்தது. காற்றில் கிளை முறிகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் நிமிர்ந்து காட்டைப் பார்த்தேன். பொனட்டின் ஓரத்தால் எட்டிப் பார்த்தேன்; கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண்ணை மூடியபடி இருந்தார். ஒரு தரம் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று உற்றுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த ஆணியைக் கழற்றினேன்.

பழைய கோடை அழித்துவிட்டு ஸ்டார்ட் செய்தேன். அதே உதறல். போனைப் பார்த்தேன். P0303.

"மூணுக்கு மாறிட்டு!" என்று கத்திவிட்டேன்.

அவர் கண்ணைத் திறந்தார். "அப்ப கொயில்தான்."

"மாத்த வேற கொயில் இல்லயே."

கொஞ்ச நேரம் மூச்சை எடுத்துக்கொண்டார். "கேளு கா. மூணாம் சிலிண்டர்ர இன்ஜெக்டர் வயரக் கழட்டி விடு. எரியாத பெற்றோல் புகைக்குழாய்க்குள்ள போனா நெருப்பாச் சுடும். வயரக் கழட்டினா அந்தப் பயமில்ல. மத்த மூணுலயும் மெல்லப் போகலாம்."

கழற்றினேன். ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்:

"எந்தப் பக்கம் போற?"

அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கியரைப் போடவில்லை. சொல்லட்டும் என்று இருந்தேன்.

"ஓட்டமாவடிக்கு விடு," என்றார் கடைசியில். "கொயில் அங்கதான் எடுக்கலாம்."

ஓட்டமாவடியில் பழைய வாகனச் சாமான் விற்கிற முஸ்லிம் அண்ணன் ஒருவரை எங்களுக்குப் பழக்கம்; நானா என்றுதான் கூப்பிடுவோம். போனெடுத்துக் கார் என்ன மொடல் என்று சொன்னேன். "கொயில கையில வெச்சிட்டு றோட்டுக்கே வந்து நிக்கிறன், தங்கச்சி. நிப்பாட்டாம வாங்க," என்றார்.

பாலத்தில் ஏறும்போது காருக்கு இழுவையே இல்லை. பின்னால் வந்த மீன் லொறி ஹோர்ன் அடித்துத் தாண்டிப் போனது. காயான்கேணி, மாங்கேணி என்று ஊர்கள் நடந்து போகிற வேகத்தில் கடந்தமாதிரி இருந்தது. அவருக்குச் சாய்ந்திருக்க முடியவில்லை. முன்னால் குனிந்து, டாஷ்போர்டில் இரண்டு கையையும் ஊன்றி மூச்சு விட்டார். நடுவில் ஒருமுறை, "மிதியாத கா, மெல்ல," என்று மட்டும் சொன்னார்.

நானா சொன்னபடி றோட்டில் நின்றார். அவர் கொயிலை மாற்ற, நான் வயரைக் கொழுவினேன். எஞ்சின் ஒரே சீராக ஓடியது. காசை அவர் வாங்கவில்லை. "முதல்ல அவரக் கொண்டு போங்க," என்று பொனட்டை அடித்துச் சாத்தினார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ், பிந்தி வந்ததற்கு ஏசிக்கொண்டேதான் வந்தா. ஆனால் அவரைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டு ஒக்சிசன் கொண்டுவரச் சொன்னா. ஊசி ஏறி, இயந்திரம் சுற்றத் தொடங்கும்வரை கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பின்னேரம் திரும்பி வரும்போது அவருடைய வீக்கம் கொஞ்சம் வற்றியிருந்தது. தன்னாமுனையைத் தாண்டினோம். பிறகு அவர் எஞ்சினுக்குக் காது கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"வாற கிழமை ஆஸ்பத்திரிக்கு வரக்குள்ள மத்த மூணு கொயிலையும் மாத்திப்போடணும்."

"ஓம்," என்றேன்.