எஸ்தர் டீச்சர் கொண்டுவந்த பதிவேடு

தபால்காரர் கன்னியப்பன் சைக்கிளை விட்டு இறங்காமலே கேட்டார். "இன்னாம்மா, டீச்சரம்மா புதுவாயல்ல தம்பி ஊட்டுக்குப் போன எடத்துல தவறிட்டாங்களாமே? உனக்கு ஆளு வர்லியா?"

"யோவ், காலங்காத்தால வாய்க்கு வந்ததைச் சொல்லாதே" என்று கத்திவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து, நீலக்கரை போட்ட வெளிநாட்டுக் கடிதம் ஒன்றை நீட்டினார். "இத்த இனிமே யாராண்ட குடுக்கறது, சொல்லு."

அன்று புதன்கிழமை. டீச்சர் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, தம்பி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தவர் நிமிரவே இல்லையாம். திங்கட்கிழமை அடக்கமும் ஆகிவிட்டது. அந்த இரண்டு நாளும் நான் அவருக்கென்று ரசம் எடுத்து வைத்து, சொல்லாமல் கொள்ளாமல் தங்கிவிட்டாரே என்று திட்டிக்கொண்டிருந்தேன். முகம் பார்க்கவில்லை. ஒரு பிடி மண் போடவில்லை. மூன்று மாதம் ஆகிறது, இன்னும் பின்கதவு சத்தம் கேட்டால் "வாங்க டீச்சர்" என்றுதான் வாய் சொல்கிறது.

மணவாள நகரில் அவரிடம் கணக்குப் படித்தவர்களும் பழகியவர்களும் இதைப் படிப்பீர்கள் என்று நினைத்து எழுதுகிறேன். உங்களுக்குத் தெரியாத ஒன்றை இதில் சொல்லப்போகிறேன். தெரிந்த நாளில் எனக்கு எப்படி இருந்ததோ அப்படித்தான் உங்களுக்கும் இருக்கும். பொறுத்துக்கொண்டு கடைசி வரை படியுங்கள்.

அறுபத்தேழில் அவர் இங்கே வந்து எங்கள் பின்வீட்டில் குடியேறியபோது எல்லோரும் அவரை ஆப்பிரிக்கா டீச்சர் என்றோம். நைஜீரியாவின் கிழக்குப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஏழு வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். அங்கே உள்நாட்டுச் சண்டை மூண்டதும் வெளிநாட்டு ஆசிரியர்களை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ரேஷன் கடை வரிசையில் முனியம்மா கேட்டாள்: "இன்னா டீச்சர், அந்த ஊர்ல மனுசன மனுசன் துன்னுவானாமே, நெசமா?" டீச்சர் சிரிக்காமல் சொன்னார்: "ஏழு வருசம் இருந்தேன் முனியம்மா, என்னை யாரும் தின்னலை. நான்தான் அவங்க ஊட்டுக் கெழங்கையெல்லாம் தின்னுட்டு இந்த ஒடம்போட வந்து நிக்கறேன்." வரிசையே சிரித்தது. திரும்பி வரும்போது என்னிடம் மட்டும், "இப்போ அங்க அந்தக் கெழங்கும் இல்ல பங்கஜம்" என்றார்.

எழுபதில் சண்டை ஓய்ந்தது. சில மாதம் கழித்து முதல் கடிதம் வந்தது. பள்ளிக்கூடம் எரிந்துவிட்டது, நான் அங்கே படித்தேன் என்பதற்குத் துண்டுக் காகிதம்கூட இல்லை, வேலைக்குப் போனால் சான்று கேட்கிறார்கள், உங்களிடம் ஏதாவது இருக்கிறதா என்று ஒரு மாணவன் கேட்டிருந்தான். டீச்சர் டிரங்குப் பெட்டியைத் திறந்து, காலிக்கோத் துணி ஒட்டிய அட்டை போட்ட கனமான பதிவேட்டை எடுத்தார். பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி, சேர்ந்த வகுப்பு எல்லாம் அதில் இருந்தது. "பத்திரமா காப்பாத்தி எடுத்து வந்தீங்களா?" என்று வியந்தேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல. மாசக் கடைசிக் கூட்டல் முடியலைன்னு வீட்டுக்கு எடுத்தாந்திருந்தேன். அவசரத்துல புடவையோட புடவையா பெட்டிக்குள்ள வந்துடுச்சு." ஒரு பள்ளிக்கூடத்தில் மிஞ்சியது அந்த ஒரு புத்தகம்தான். அது எங்கள் பின்வீட்டில் இருந்தது.

அவருக்கு விரல்கள் மடங்கவில்லை. வாதம். அதனால் சான்றை நான் எழுதுவேன், அவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார். நான் பள்ளிக்கூடம் போனது ஐந்தாவது வரைதான். பொட்டலம் கட்டி வரும் காகிதத்தைப் படித்துப் படித்து இங்கிலீஷ் கற்றவள். ஆனால் எழுத்து முத்து மாதிரி இருக்கும், அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. எதை எழுதினாலும் மேலே பிள்ளையார் சுழி போடுவது வழக்கம். முதல் சான்றிலும் கை தானாகப் போட்டுவிட்டது. டீச்சர் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். "போகட்டும், உங்க சாமியும் சாட்சிக் கையெழுத்துப் போடட்டும்" என்றார். அடுத்ததை ஒழுங்காகச் சுழி இல்லாமல் எழுதி அனுப்பினோம். அது திரும்பி வந்துவிட்டது! மேலே முத்திரை இல்லை, போலி என்று சந்தேகப்படுகிறார்கள், முன்னே வந்தவனுடையதில் இருந்ததாமே என்று அந்தப் பையன் எழுதியிருந்தான். டீச்சர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்து அழுதது. அதற்குப் பிறகு பிள்ளையார் இல்லாமல் ஒரு தாளும் கடல் தாண்டவில்லை.

ஒரு தடவை நான் ஒருவனுடைய பிறந்த வருஷத்தில் ஓர் எண்ணை மாற்றி எழுதிவிட்டேன். முழுத்தாளையும் கிழித்துப் போட்டார். "திருத்தி எழுதினா போறாதா டீச்சர், அரை மணி நேரம் ஒக்காந்து எழுதினது" என்றேன். "ஒருத்தனோட வயசு இது. தப்பா எழுதினது தானா திருந்தாது பங்கஜம், யாராவது ஒக்காந்து திருத்தணும்" என்றார். அன்று முதல் பதிவேட்டில் வரிக்குக் கீழே மர ஸ்கேலை வைத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும், கண் அடுத்த வரிக்கு நழுவக் கூடாது என்று சட்டம் போட்டார்.

போன ஆவணி மாதம் இகென்னா என்பவனிடமிருந்து கடிதம் வந்தது. அவரிடம் படித்தவன், சண்டையில் சிப்பாயாக இருந்து பிழைத்து வந்தவன். டீச்சர் எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார். அவர்கள் ஊரில் ஒரு புத்தகம் போடுகிறார்களாம். பெரிய சண்டைகளைப் பற்றி எல்லாம் இல்லை. திரும்பி வந்த ஒவ்வொரு சிப்பாயும், தன் பக்கத்தில் நின்று செத்துப்போனவனைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும். சிப்பாயாக இல்லாமல் பசியில் செத்தவர்களைப் பற்றி அவர்களோடு அடுப்பைப் பகிர்ந்தவர்கள் எழுத வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் சொல்ல, தெரிந்தவர்கள் எழுதுகிறார்கள். பெயரும் வயதும் மட்டும் பிசகாமல் இருக்க வேண்டும் என்பது ஊர் முடிவு. "பாத்தியா, எவ்வளவு அழகா யோசிச்சிருக்காங்க!" என்று இரண்டாம் தாளைத் திருப்பினார். அதை வாய்க்குள் படித்தார். மடித்தார். "இதுக்கு நானே எழுதிக்கறேன். நீ போய் அடுப்பைப் பாரு" என்றார். அடுப்பில் ஒன்றும் இல்லை.

தை அமாவாசை அன்று வீரராகவர் கோயில் குளத்துக்கு நான் கிளம்பும்போது, "நானும் வரேன்" என்று நின்றார். ஞாயிறு தவறாமல் மாதா கோயில் போகிறவர்! படித்துறைக் கடையில் வெல்லம் வாங்கினார். உடம்பு உபாதை தீரக் குளத்தில் வெல்லம் கரைப்பது நம் ஊரில் எல்லோரும் செய்வதுதானே, முட்டிவலிக்கு என்று நினைத்தேன். "முட்டிக்கா டீச்சர்?" "இல்ல, கைக்கு" என்று சொல்லி, வெல்லம் கரைந்து போகும்வரை வலது கையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்திருந்தார். வாதத்துக்கு வேண்டிக்கொள்கிறார் என்று நானும் சேர்ந்து வேண்டிக்கொண்டேன்.

இனி அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன். கன்னியப்பன் கொடுத்துப்போன கடிதத்தைப் பிரித்தேன். வெளிநாட்டுக் கடிதங்களை நான்தான் பிரிப்பது வழக்கம். இகென்னாதான். "இது என் மூன்றாவது கடிதம். ஈஸ்டர் முடிந்ததும் புத்தகம் அச்சுக்குப் போகிறது. என் தம்பி ஒபியோராவின் வயது மட்டும் பாக்கி. படைக்கணக்கில் பதினெட்டு என்று இருக்கிறது. அம்மா அதை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார். சின்னப் பிள்ளையைத்தான் கொண்டுபோனார்கள் என்பது எழுத்தில் வேண்டும் என்கிறார். உங்கள் பதிவேட்டில் என்ன இருக்கிறது?"

இதற்கு ஏன் டீச்சர் பதில் போடவில்லை? ஸ்கேலை வைத்துப் பார்த்தால் ஒரு நிமிஷ வேலை.

அடுத்த வாரம் வீட்டைக் காலி செய்ய அவர் தம்பி தேவதாஸ் வந்தார். கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு கம்பி ஆலையில் வேலை. டிரங்குப் பெட்டியைத் திறந்து பதிவேட்டை எடுத்தபோது அதற்குள் மடித்த தாள்கள் இருந்தன. நான்கு. நான்கும் இகென்னாவுக்கு எழுதத் தொடங்கியவை. மடங்காத விரல்களால் அவரே எழுதியிருந்தார். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்கிறேன்:

"நான் புறப்பட்ட அன்று லாரி வாசலில் நின்றது. உன் தம்பி ஓடி வந்தான். வயது பதினெட்டு என்று ஆசிரியர் கடிதம் இருந்தால் படைக் கிடங்கில் கணக்கு எழுதும் வேலை கிடைக்கும், இல்லாவிட்டால் சண்டை நடக்கும் இடத்தில் பள்ளம் வெட்ட இழுத்துப்போவார்கள் என்றான். கணக்கில் அவன்தான் வகுப்பில் முதல். அவனைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து எழுதிக் கொடுத்தேன். பதிவேடு என் பெட்டியில் இருந்தது. பார்க்காமலே எனக்குத் தெரியும். அவனுடைய உண்மையான வயது"

நான்கு தாளும் அந்த இடத்தில் நின்றுவிட்டன.

ஓர் எண்ணுக்காக என் தாளைக் கிழித்தவர்! முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். செத்தவர் மேல் கோபப்படுவது பாவம் என்று தெரியும். ஆனாலும் வந்தது.

தேவதாஸுக்கு விஷயத்தைச் சொன்னேன். "யக்கா, மண்ணு போட்டு பத்து நாளுகூட ஆவல. அவுங்க பேருல சேத்த வாரி எறியாத. ஒரு நெருப்புக்குச்சி கிழிச்சா முடிஞ்சிது."

"வாணாம்னு நெனச்சிருந்தா அவங்களே கிழிச்சிருப்பாங்க தம்பி. அனுப்ப வாணாம்னு நெனச்சவங்க நாலு தபா எழுதுவாங்களா?"

"அந்தம்மா சாபம் குடுத்தா?"

"குடுக்கட்டும். பெத்தவங்க கேக்கறாங்க. ஈஸ்டர் தாண்டிட்டா அந்தப் பையன் எப்பவும் பதினெட்டுதான்."

அவர் வெளியே போய் ஒரு பீடி குடித்துவிட்டு வந்தார். நான் ஸ்கேலை அந்த வரிக்குக் கீழே வைத்து, டீச்சர் புறப்பட்ட நாள் வரை மூன்று முறை கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினைந்து வயது, இரண்டு மாதம். அவர் எட்டிப் பார்த்தார். பிறகு, "போஸ்ட் ஆபீசு எத்தினி மணி வரிக்கும் இருக்கும்?" என்றார்.

சான்றை எழுதி, பிள்ளையார் சுழி போட்டு, டீச்சரின் நான்காவது தாளையும் வைத்து அனுப்பினோம். கையெழுத்து இடத்தில், டீச்சர் காலமாகிவிட்டார் என்றும், பதிவேட்டைப் பார்த்து எழுதியவள் நான் என்றும் எழுதினேன். பதிவேட்டைத் தனிப் பார்சலில் அவர்கள் ஊருக்கே திருப்பி அனுப்பிவிட்டோம்.

போன வாரம் பதில் வந்தது. வயதைத் திருத்திவிட்டார்கள். ஒபியோரா சொன்னது பொய் இல்லை, கிடங்கில் வேலை கொடுத்திருக்கிறார்கள். எட்டு நாள். ஒன்பதாம் நாள் கிடங்கில் இருந்தவர்கள் கையிலும் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டார்கள். இதை டீச்சர் தெரிந்துகொள்ளாமல் போனது நல்லதா கெட்டதா என்று பெருமாளைத்தான் கேட்கிறேன். அம்மா மன்னித்தாரா என்று இகென்னா எழுதவில்லை. நானும் கேட்க மாட்டேன். ஆனால் கடைசியில் இரண்டு வரி இருந்தது: "எங்கள் புத்தகத்தில் டீச்சருக்கும் ஒரு பக்கம் வைக்க அம்மா சொல்கிறார். பக்கத்தில் நின்றவர்தான் எழுத வேண்டும். நீங்கள் எழுதுங்கள்."

அதற்காகத்தான் முதலில் தமிழில், உங்கள் முன்னால் இதை எழுதிப் பார்த்தேன். இனி இங்கிலீஷில் எழுத வேண்டும். அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்த மர ஸ்கேல் ஒன்றுதான். தாளை விரித்து, மேலே சுழி போட்டு, ஸ்கேலை வைத்துவிட்டேன். பெயர், எஸ்தர். வேலை, கணக்கு ஆசிரியை. வயது, ஐம்பத்து மூன்று. தேவதாஸிடம் இரண்டு முறை கேட்டு, ஞானஸ்நானச் சீட்டையும் வாங்கிப் பார்த்த பிறகுதான் எழுதினேன்.