நிழற்படத்துக்கு ஏற்ற முகம்

வரன் பார்க்க அனுப்புவதற்கு எடுத்த என் நிழற்படத்தைத் தில்லி கரோல் பாக் ஸ்டுடியோக்காரர், யாரும் கேளாமலே, இரண்டு படி வெளுப்பாக்கித் தந்திருந்தார். அந்தப் படம் மஸ்கட்டில் வேலை பார்த்த பொறியாளருக்குப் போயிற்று. சம்மதம் கடிதமாக வந்தது. நேரில் பார்க்கும் சடங்கை அவருடைய பெற்றோரே முடித்துக்கொண்டார்கள். அவருக்கு விடுப்பு கல்யாணத்துக்கு முதல் நாள்தான் தொடங்கியது.

அவர் எதிர்பார்த்து வரும் முகம் என்னிடம் இல்லை. எழுதிச் சொல்லிவிடலாம் என்றேன் நான். மேக்கப் இருக்கிறது என்றாள் அம்மா.

மோதி பாக் குடியிருப்பில் எங்கள் எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மையார் முன்னறையில் பார்லர் நடத்திவந்தார். தையற்காரரிடம் அளவு ரவிக்கை கொடுப்பதுபோல அம்மா அந்தப் படத்தை அவரிடம் கொடுத்தாள். அவர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“யே கௌன்? சோட்டி பெஹன்?”

எனக்குத் தங்கை கிடையாது, அது நான்தான் என்றேன். மேற்கொண்டு எதுவும் கேட்காமல் மூன்று புட்டிகளைத் திறந்து என் தாடையோரம் மூன்று கோடுகள் இழுத்தார். நடுக்கோடு என் நிறத்தோடு கலந்து மறைந்தது. ஃப்ளாஷில் அதுவே இயல்பாக விழும், வெளிர்நிறம் சாம்பல் பூத்துவிடும் என்று பொறுமையாக விளக்கினார். அம்மா வெளிர்நிறப் புட்டியைத் தொட்டாள்.

“மூஞ்சி சாயங்காலம் கழுவினாப் போயிடும்டீ. ஆல்பம்தான் ஆயுசுக்கும் இருக்கும்.”

ஏதேனும் தத்துவ நூலில் படித்திருந்தால் அந்த வரியை அடிக்கோடிட்டிருப்பேன்.

முகூர்த்தத்தன்று ஹோமப் புகையில் கண்ணீர் வழிந்து, என் கன்னங்களில் என் சொந்த நிறத்தில் இரண்டு வாய்க்கால்களை வெட்டியது. மணையில் பக்கத்தில் இருந்த மாப்பிள்ளை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஏமாற்றம் இருந்ததா என்று புகையில் தெரியவில்லை.

அவர் மஸ்கட் திரும்புவதற்கு முதல் நாள் ஆல்பம் வந்தது. பக்கத்துக்குப் பக்கம், பழுப்புக் கைகளை இரவல் வாங்கிய சாம்பல்நிறப் பெண் ஒருத்தி நின்றாள். புரட்டிக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். அம்மியின்மேல் என் பாதம். மெட்டி அணிவிக்கும் அவர் விரல்கள். முகங்கள் படத்துக்கு வெளியே இருந்தன.

“இதை எடுத்துண்டு போறேன்,” என்றார். “இதுலதான் நீ இருக்கே.”

காலுக்கும் கொஞ்சம் பூசிவிட்டிருக்கலாமே என்று அம்மா அந்த அம்மையாரிடம் வெகுநாள் குறைபட்டுக்கொண்டிருந்தாள்.