எந்த மெஷினுக்கும் சேராத அதிர்வு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது எங்கள் அறையில் எல்லோருக்கும் தெரியும். ரிப்போர்ட்டில் ஒரு எண் இடம் மாறியிருந்தாலும் கூப்பிட்டு அனுப்பிவிடுவேன். “ராமாமணி மேடம் கூப்பிடறாங்க” என்றால் வருகிறவர்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் வருவார்கள். கிளாடிஸ் மட்டும் டிபன் பாக்ஸைக் கையோடு எடுத்துக்கொண்டு வந்து, “திட்டி முடிச்சீங்கன்னா சாப்பிடலாங்க்கா” என்பாள். அவளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். நான் செய்த ஒரு முட்டாள்தனமும் இதில் உண்டு. அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

பீளமேட்டில் மூன்றாவது மாடியில் எங்கள் அறை. எங்கெங்கோ இருக்கிற ஆலைகளில் ஓடும் மெஷின்களின் அதிர்வை அங்கிருக்கும் ஆள் அளந்து அனுப்புவார். நாங்கள் இங்கே உட்கார்ந்து அதைப் பார்த்து, எது நன்றாக இருக்கிறது, எது இன்னும் ஒரு மாதத்தில் படுத்துவிடும் என்று எழுதி அனுப்புவோம். டாக்டர் இ.சி.ஜி. பார்க்கிற மாதிரிதான். பேரிங் தேய்ந்தால் கோட்டில் ஓரிடத்தில் முள் எழும்பும், தண்டு வளைந்திருந்தால் வேறோர் இடத்தில். முள் நிற்கிற இடத்தை வைத்தே நோயைச் சொல்லிவிடலாம். மெஷின் நின்றுபோன பிறகு காரணம் சொல்ல யாராலும் முடியும். நிற்பதற்கு முன்னால் சொல்வதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

கிளாடிஸுக்கு முப்பத்தெட்டு வயது. சுங்கம் பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்தாள். குழந்தை இல்லை. அவள் வீட்டுக்காரன் ஜெஃபினும் எங்கள் அறையில் வேலை பார்த்தவன்தான். எனக்குத் தம்பி மாதிரி, அதனால் ‘அவன்’ என்றே சொல்கிறேன். நான்கு வருடம் முன்னால் எங்கள் கம்பெனியே அவனை ஓமனில் ஒரு சிமெண்ட் ஆலைக்கு அனுப்பியது. அங்கே அவன் அளப்பான், இங்கே அவன் மனைவி பார்ப்பாள். நான்கு வருடத்தில் இரண்டு முறை வந்தான். ஒவ்வொரு முறையும் ஒரு மாதம். அவ்வளவுதான் அவர்கள் குடும்பம் நடத்தியது.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு அந்த ஆலையின் ஃபைல் வரும். அறுபத்து நான்கு மெஷின்கள். அதை வேறு யாரும் தொடக்கூடாது, தொட்டால் அவளுக்கு ஆகாது. முதலில் அவள் அதிர்வைப் பார்க்கவே மாட்டாள், நேரத்தைத்தான் பார்ப்பாள். ஒவ்வொரு மெஷினையும் எத்தனை மணி எத்தனை நிமிடத்தில் அளந்தான் என்பது அதில் பதிவாகியிருக்கும்.

“அக்கா, மேல இருக்கிற ஃபேன் மெஷினுக்கு ஏற இந்த வாரம் பதினோரு நிமிசம் ஆயிருக்குதுங்க. போன வாரம் எட்டுதான். முட்டி வலிக்குதாட்ட இருக்குது” என்பாள். இன்னொரு நாள், “பதினேழாம் மெஷினுக்கும் பதினெட்டுக்கும் நடுவுல கால் மணி நேரம் காணோம். உக்காந்து டீ குடிச்சிருக்காரு. நல்லாக் குடிக்கட்டும்” என்று தனக்குத்தானே சிரித்துக்கொள்வாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். “ஏண்டி, தினமும் போன்ல மூஞ்சியப் பார்த்துப் பேசறே. இதுல என்னத்தைத் தேடறே?”

“போன்ல எனக்கோசரம் சிரிச்சுக்கறாருங்க்கா. இதுல சிரிக்க முடியாதல்லோங்க.”

வேலையைப் பார் என்று சொல்லிவிட்டு, நானும் அந்த நேரங்களை ஒருமுறை பார்ப்பேன்.

ஏக்கம் என்றால் அப்படி ஒரு ஏக்கம் அவளுக்கு. போன கிறிஸ்துமஸ் அன்று சர்ச் வாசலில் எல்லோரும் குடும்பம் குடும்பமாக நின்று போட்டோ எடுத்தபோது, செருப்பைத் தேடுகிற மாதிரி நகர்ந்து நகர்ந்து ரோட்டுக்கே வந்துவிட்டாளாம். அங்கிருந்து ஆட்டோ பிடித்து நேராக என் வீட்டுக்கு வந்தாள். அரிசிம்பருப்பு சாதம்தான் செய்திருந்தேன். அப்பளத்தைப் பொரித்துப் போட்டேன். சாப்பிட்டுக்கொண்டே, “அடுத்த டிசம்பர்ல ஒரேடியா வந்தர்றேன்னு சொல்லீட்டாருங்க” என்றாள். அதற்குப் பிறகு எட்டு மாதம் அவளைப் பிடிக்க முடியவில்லை. வீட்டுக்கு வெள்ளையடித்தாள். அவன் குறை சொன்ன பாத்ரூம் குழாயை மாற்றினாள். கட்டிலுக்குப் புது மெத்தை வாங்கி, பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமலே போட்டு வைத்திருந்தாள். அவன் வந்து பிரிக்கட்டும் என்று. அதுவரை பாயில்தான் படுத்தாள், கிறுக்கி.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் போனில் சொன்னான், இன்னும் ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று. ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றினான்.

மறுநாள் வந்தவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதற்கு முன்பே அவன் பேச்சு சுருங்கிவிட்டிருந்தது. முன்பெல்லாம் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டே பேசுவான். கேன்டீனைக் காட்டுவான், ரூமுக்கு வருகிற பூனையைக் காட்டுவான், வழியில் போகிற மலையாளி நண்பனை இழுத்து வந்து வணக்கம் சொல்ல வைப்பான். இப்போது போனை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு, தள்ளி உட்கார்ந்து, இரண்டு வார்த்தை பேசி வைத்துவிடுகிறான்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? எங்கள் அறையில் சசிதர் என்று ஒருவன், வாய்க்கும் மூளைக்கும் சம்பந்தம் கிடையாது. “நாலு வருசம் தனியா இருக்கிற ஆம்பளைங்க மேடம்...” என்று இழுத்தான். அந்த வாக்கியத்தை முடிக்க விடாமல் நான் விட்ட டோஸில், ஒரு வாரம் என் பக்கமே திரும்பவில்லை. ஆனால் கிளாடிஸே ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டாள். “அக்கா, என்னைப் புடிக்காமப் போயிருக்குமாங்க?”

அப்படியெல்லாம் இருக்காது என்று சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். ஆனால் எனக்கும் உள்ளுக்குள் சந்தேகம் இருந்தது. அவன் மேல் அவ்வளவு ஆத்திரம் எனக்கு.

செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை அவள் திரையைக் காட்டினாள். “அஞ்சு ஹெர்ட்ஸ்ல ஒரு முள்ளு இருக்குதுங்க்கா. பதினோரு மெஷின்ல வருது. ஜூன்லயே இருந்திருக்குது. அப்பச் சின்னது, நான்தான் கவனிக்காம உட்டுட்டேன்.”

ஐந்து ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு ஐந்து ஆட்டம். அந்தப் பதினொன்றும் வெவ்வேறு வேகத்தில் ஓடுகிற மெஷின்கள். நொடிக்கு ஐந்து சுற்று சுற்றுவது அதில் ஒன்றுகூட இல்லை. எந்த மெஷினுக்கும் சேராத முள் என்றால் அது அளக்கும் கருவியின் கோளாறு, எல்லோரும் அப்படித்தான் நினைப்போம்.

“சென்சார் வயர் லூசா இருக்கும். ஃபில்டர் போட்டுக் கழிச்சுட்டு அனுப்பு” என்றேன். அன்று எனக்கு வேறு மூன்று ரிப்போர்ட் காத்துக்கொண்டிருந்தது. தலைநிமிர்ந்து ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை. அதுதான் நான் செய்த முட்டாள்தனம். செப்டம்பரும் அக்டோபரும் அவள் கழித்துக் கழித்து அனுப்பினாள், நான் கையெழுத்துப் போட்டேன்.

நவம்பர் முதல் திங்கட்கிழமை மதியம் டிபன் பாக்ஸ் இல்லாமல் வந்து நின்றாள்.

“வயர் இல்லைங்க்கா.”

“பின்ன?”

“இரும்பு இருக்கிற எடத்துல சென்சார மேக்னெட்டுல ஒட்ட வெச்சுத்தானுங்க அளக்கறாரு. அம்பத்து மூணு மெஷின் அப்படி. அதெல்லாம் சுத்தமா இருக்குது. பதினோரு மெஷினுக்கு மூடி அலுமினியமுங்க. மேக்னெட் ஒட்டாது. அதையெல்லாம் கையில அமுக்கிப் புடிச்சு எடுக்கறாரு. அந்தப் பதினொண்ணுலதான் முள்ளு.”

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. பிறகு, காபி டம்ளரைப் பிடிக்கும்போது என் மாமனாரின் கை ஆடியது நினைவுக்கு வந்தது. அட கடவுளே என்று எழுந்துவிட்டேன்.

“அவருக்குக் கை நடுங்குதுங்க்கா” என்றாள். “ஜூன்லயிருந்து நடுங்குது. வாரா வாரம் எனக்கு வந்துட்டேதான் இருந்திருக்குது. நான் அதைக் கழிச்சுக் கழிச்சு அனுப்பிப்போட்டேன்.”

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். அவளைத் தேற்ற எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? கழிக்கச் சொன்னவளே நான்தானே. நானும் அழுதேன். என் கேபின் கதவைச் சாத்திவிட்டு அழுதேன், சசிதர் பார்த்துவிடக் கூடாதே என்று.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கேயே அவனைக் கூப்பிட்டாள். நான் வெளியே போக எழுந்தேன். என் சேலைத் தலைப்பைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள். திரையில் ஜெஃபின் வந்தான். வழக்கம்போல போனைச் சாய்த்து வைத்திருந்தான், கைகள் இரண்டும் மேசைக்குக் கீழே.

“ஏனுங்க, போனைக் கையில எடுங்க.”

“எதுக்கு கண்ணு? இப்படியே நல்லாத் தெரியுதல்லோ.”

“பதினோரு மெஷின்ல அஞ்சு ஹெர்ட்ஸ் வருதுங்க.”

அவன் சிரித்தான். “வயரு லூசாயிருக்குது. மாத்தோணும்.”

“வயர்னா மேக்னெட் போட்ட எடத்துலயும் வரோணுமல்லோங்க. அங்க ஒண்ணுமே இல்லீங்களே.”

அவன் சிரிப்பு நின்றுவிட்டது. வேறு எந்தப் பெண்டாட்டியிடமும் வயர் லூஸ் என்று சொல்லித் தப்பித்திருப்பான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை இவளிடம் நடக்கவில்லை. வலது கையை மேலே எடுத்து மேசையில் வைத்தான். அது ஆடிக்கொண்டிருந்தது.

“நீ கண்டுபுடிச்சிருவேன்னு தெரியும் கிளாடிஸ்” என்றான். “ஒவ்வொரு திங்கக்கிழமையும் அனுப்பிப்போட்டு, இன்னைக்குக் கேட்பா, இன்னைக்குக் கேட்பான்னு உக்காந்திருப்பேன். நீ கேட்கலை. ரிப்போர்ட்டு சுத்தமா வந்துச்சு. சரி, தெரியாமலே இருக்கட்டும்னு உட்டுட்டேன்.”

அந்த இடத்தில் நான் செத்தே போய்விட்டேன்.

“அப்புறம் எதுக்குங்க இன்னொரு வருசம் கையெழுத்துப் போட்டீங்க?”

“நாலு வருசமாக் காத்துட்டிருக்கிறவளுக்கு இந்தக் கையையா கொண்டாந்து குடுக்கறது? மாத்திரை சாப்பிட்டுச் சரி பண்ணீட்டு வரலாம்னு பார்த்தேன். குறையுது, ஆனா போக மாட்டேங்குது.”

“நான் வேற யாரோ இருக்காங்கன்னு நெனச்சுப்போட்டேனுங்க.”

“அட கிறுக்கி!” என்று அவன் தலையில் அடித்துக்கொண்டான், ஆடுகிற கையாலேயே. அவள் அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: “எனக்குக் கையா முக்கியம்? ஆளு வேணுமுங்க. ஊட்டுக்கு வாங்க. என்னால இனிமே நேரத்தைப் பார்த்துட்டு உக்காந்திருக்க முடியாது.”

அவன் சரி என்று தலையை ஆட்டினான். அது போதுமாக இருந்தது.

அன்று சாயங்காலம் அந்த ஆலையின் ரிப்போர்ட்டை நானே எழுதினேன். இரண்டு மாத ரிப்போர்ட்டையும் திரும்ப எடுத்து, ஃபில்டரை நீக்கி, திருத்தி அனுப்பினேன். ‘பதினோரு மெஷின்களில் தெரியும் ஐந்து ஹெர்ட்ஸ் அதிர்வு மெஷின்களுடையது அல்ல. கையில் பிடித்து அளந்ததால் வந்தது. அந்த இடங்களில் இரும்புத் தகடு ஒட்டி மேக்னெட் வைத்து அளக்கவும்’ என்று எழுதினேன். யார் கை என்று எழுதவில்லை, எழுத வேண்டிய அவசியமும் இல்லை. மீதியை ஜெஃபினே ஆலை டாக்டரிடம் போய்ச் சொல்லி, ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டான்.

டிசம்பர் பத்தொன்பதாம் தேதி காலை விமானம். கிளாடிஸை என் காரில் நான்தான் கூட்டிப் போனேன். வழியில், மெத்தை உறையைப் பிரித்துவிட்டாயா என்று கேட்டேன், இல்லை என்று தலையாட்டினாள்.

ஜெஃபின் இளைத்துப்போயிருந்தான். டிராலியை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தான். எதற்கு அப்படிப் பிடித்திருக்கிறான் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். என்னைப் பார்த்து, “நல்லா இருக்கீங்களாக்கா?” என்றான். “இளைச்சுட்டியேடா” என்றேன்.

கிளாடிஸ் கிட்டே போய், அவன் வலது கையை டிராலியிலிருந்து எடுத்தாள். அது படபடவென்று ஆடியது. தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்து அழுத்திப் பிடித்தாள். கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டம் அடங்கியது.

“பாருங்க, நின்னு போச்சு” என்றேன் நான்.

அவன் என்னைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தான். “நிக்கலை கிளாடிஸ். நீ அமுக்கிப் புடிச்சிருக்கிறதுனால தெரியலை. உட்டா மறுக்கா ஆடும்.”

“தெரியுமுங்க. நானும் அதே வேலைதானுங்க பார்க்கறேன்” என்றாள் அவள். “அதுக்குத்தான் உடாமப் புடிச்சிருக்கேன்.”

கார் நிற்கும் இடம் வரை அவள் அந்தக் கையை விடவே இல்லை. டிராலியை நான்தான் தள்ளிக்கொண்டு போனேன்.